ஸ்டீம் ட்ராப்: நீராவிப் பொறியா, வடிமறியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நீராவிக் குழாயில் சேரும் நீரையும் காற்றையும் வெளியே விட்டு ஆவியை மட்டும் மறிக்கும் வால்வுதான் ஸ்டீம் ட்ராப். அதற்குத் தமிழில் ‘நீராவிப் பொறி’ போதும், எலிப்பொறியில் இருக்கும் அதே பொறிதானே என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நீராவிப் பொறி என்றால் நம்மவர் மனதில் வருவது ரயிலை இழுத்த எஞ்சின்.

இந்தக் குழப்பத்தை நானே பட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில், நீராவியால் கிருமி நீக்கும் கலமான ஓட்டோகிளேவிலிருந்து எடுத்த துணிப் பொதிகள் எல்லாம் ஈரமாக வந்தன. ஈரப்பொதியைக் கிருமி நீங்கியதாகக் கொள்ள முடியாது. அன்றைய சத்திரசிகிச்சைக்கு அது உதவாது. அங்கே அதைப் பார்த்துக்கொள்பவரிடம் தொலைபேசியில், “தம்பி, நீராவிப் பொறியை ஒருக்காப் பாருங்கோ” என்றேன். அவர் கொதிகலனைத் திறந்து சூடாக்கியைக் கழற்றிவிட்டார். அரை நாள் போய்விட்டது. நான் சொன்னது கலத்தின் அடியில், வடிகுழாயில் இருக்கும் கைப்பிடியளவு பித்தளைத் துண்டை.

அன்று அமுக்கமானி ஒரு ‘பார்’ (அமுக்க அலகு) அளவுக்குச் சற்று மேலே காட்டியது. அந்த அமுக்கத்தில் தூய கொதிநீராவி 121 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வடிகுழாயில் இருந்த வெப்பமானியோ 112ஐத் தாண்டவில்லை. மானிகள் இரண்டும் சரியாக இருந்து, அமுக்கமும் வெப்பநிலையும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆவியோடு காற்று கலந்திருக்கிறது, அல்லது ஒடுங்கிய நீர் தேங்கி வெப்பமானியின் முனையை மூடியிருக்கிறது. இரண்டையும் வெளியே விடவேண்டியது அந்தப் பித்தளைத் துண்டுதான்.

அதன் உள்ளே மெல்லிய தகட்டாலான ஒரு சிமிழ் இருக்கிறது. சிமிழுக்குள் இருக்கும் திரவம் ஆவியின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். ஆவி வந்து தொட்டால் சிமிழ் உப்பி வாயை அடைக்கும். ஆறிய நீரோ காற்றோ வந்தால் சுருங்கி வழிவிடும். நீரை வடிக்கும், ஆவியை மறிக்கும். இதற்கு ‘ஆவிமறிப்பான்’ என்று பெயர் சொன்னவர் ஒரு பாதியைச் சொன்னார். ‘ஒடுக்கநீர் வெளியேற்றி’ மற்றப் பாதி, நீளமும் கூட. இரணைமடுக் குளத்து வான்கதவை நினைத்து ‘வடிகதவு’ என்று நானும் ஒன்றை வைத்திருந்தேன். ஓட்டோகிளேவுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கதவு இருப்பதால் அதைக் கைவிட்டேன்.

இப்போது நான் முன்வைக்கும் சொல் ‘வடிமறி’. மறி என்றால் பெட்டை ஆடு அல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் பஸ்ஸை மறிப்பதும் நாம்தான். அந்த வினை எல்லோருக்கும் பழக்கம். இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, கோளாறும் அதிலேயே அடங்குவது. மூடியபடி இறுகிவிட்டால் ‘வடிக்கவில்லை’: ட்ராப்புக்குப் பிந்திய குழாய் ஆறிக் கிடக்கும், பொதி நனையும். திறந்தபடி நின்றுவிட்டால் ‘மறிக்கவில்லை’: அந்தக் குழாய் ஓயாமல் கொதிக்கும், ஆவி வீணாகும். தொலைபேசியில் ஒரு வினைச்சொல் போதும்.

1847இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அந்த ஊர்ப் பக்கத்திலிருந்துகொண்டு ஒரு வால்வுக்குப் பெயரில்லாமல் தடுமாறுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், ட்ராப்புக்குள் தூசு போகாமல் தடுக்கும் ‘ஸ்ட்ரெய்னர்’ என்பதற்குச் சல்லடையே போதும், புதுச்சொல் வேண்டாம். நம் சுண்ணக்கல் தரைக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். தண்ணீரை மென்மையாக்காமல் விட்டால் கொதிகலனிலும் அதே படிவுதான். உதிர்ந்த துகள் துணி நூலோடு சேர்ந்து சல்லடையை அடைக்கும். அன்று நாங்கள் கண்டதும் அதுவே: சாம்பல் நிறத்தில், களி போல.

பராமரிப்புத் தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஆவி வழியை மூடி, அமுக்கமானி சுழியத்துக்கு வந்து, கலமும் குழாயும் ஆறிய பின் வடிமறியின் சல்லடையைக் கழற்றிக் கழுவவும்.” இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், தாள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.