கலைச்சொல் உதவி: ‘பிக்சல் மேப்’ – தமிழில் என்ன?

மா.இ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மேடை நிகழ்ச்சிகளில் எல்இடி திரை ஓட்டுபவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் பிடிபடாமல் ஓர் இயல் முழுவதும் நிற்கிறது. களத்தில் எல்லாரும் ‘பிக்சல் மேப்’ என்கிறார்கள். வரைவில் ‘திரைப்பரப்பு’ என்று இருக்கிறது. அந்த ஒரே சொல் இரு வேறு பொருள்களுக்கு வருவதுதான் சிக்கல்.

கையேட்டில் உள்ள கணக்கு இது. நடுத்திரை 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். இரு பக்கமும் 3 மீட்டர் அகலத்தில், அதே உயரத்தில் ஒவ்வொரு திரை. நடுவுக்கும் பக்கத்துக்கும் இடையில் ஒரு மீட்டர் வெற்றிடம். திரையைக் கட்டும் பெட்டியான கேபினட் அரை மீட்டர் சதுரம், பிக்சலுக்குப் பிக்சல் உள்ள தூரமான பிட்ச் 3.9 மில்லிமீட்டர், ஆக ஒரு கேபினட்டில் 128 × 128 பிக்சல். நடுத்திரை 3072 × 1280, பக்கத்திரைகள் ஒவ்வொன்றும் 768 × 1280.

அனிமேஷன் செய்பவர் வெற்றிடத்தையும் சேர்த்து 5120 × 1280 பரப்பில் வரைய வேண்டும். ஒரு மீட்டர் வெற்றிடம் 256 பிக்சல். அதைச் சேர்க்காவிட்டால், நடுவிலிருந்து பக்கத்துக்குப் பறக்கும் பறவை அந்த ஒரு மீட்டரை நொடியே எடுக்காமல் தாண்டிவிடும். நிகழ்ச்சியில் ஓடும் வீடியோ கோப்பிலோ வெற்றிடத்துக்கு வேலை இல்லை. மூன்று திரையையும் கணினியின் 3840 × 2160 வெளியீடு ஒன்றுக்குள் அடுக்க வேண்டும். நடுத்திரையும் இடத்திரையும் அருகருகே நின்றால் சரியாக 3840. கீழே 880 வரிதான் மிச்சம், 1280 உயரமுள்ள வலத்திரை நிமிர்ந்தபடி அதில் நிற்காது. 90 பாகை திருப்பி 1280 × 768 ஆகப் படுக்க வைக்கிறோம். மொத்த உயரம் 2048.

வரையும் பரப்பு ஒன்று, அடுக்கும் பரப்பு ஒன்று. இரண்டாவதைத்தான் ‘பிக்சல் மேப்’ என்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

பு.செ. எழுதியது:

‘பிக்சல்’ என்பதையே முதலில் கேட்க வேண்டும். க, ச, த, ப நான்கும் தம்முன் தாமே மயங்கும், பிறவற்றோடு மயங்கா. ககர ஒற்றுக்குப் பின் சகரம் வருவது தமிழ் நாவுக்கு ஒவ்வாத கூட்டம். ‘படவணு’ இருக்க, இது எதற்கு?

அடுக்கும் பரப்புக்கு என் பரிந்துரை ‘பாத்தி’. ஒரு நிலத்தைச் செவ்வகம் செவ்வகமாகப் பகுத்து, எதற்கு எங்கே நீர் என்று வரையறுப்பது பாத்தி. ஒவ்வொரு திரையும் ஒரு பாத்தி. முழுப் படமும் ‘பாத்திப்படம்’. ‘வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று’ என்று குறளில் (718) நின்ற சொல். ‘பகைவரைப் பாத்திப் படுப்பதோ ராறு’ (465) என்பதும் நினைவுக்கு வர வேண்டும்.

வேரையும் பாருங்கள். பகு என்பதிலிருந்து பாத்து. ‘பாத்தூண் மரீஇ யவனை’ (227) என்றால் பகுத்துண்டு பழகியவனை. பாத்து என்பதன் வழியே பாத்தி என்று கொள்கிறேன். ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் துறைகளில் ஒன்றான பாதீடும் கவர்ந்த நிரையைப் பகிர்ந்து கொடுப்பதுதானே. பாதி, பால், பங்கு என்று இந்தக் குடும்பம் விரிகிறது. பால் என்ற சொல் திணை, பால், இடம் என்று இலக்கணத்துக்குள்ளும்...

த.ர. எழுதியது:

> பாதீடும் கவர்ந்த நிரையைப் பகிர்ந்து கொடுப்பதுதானே

ஐயா, பாதீடு எங்கட பக்கம் இண்டைக்கும் செய்தித்தாளில வாற சொல். இலங்கையில வரவு செலவுத் திட்டத்தைப் பாதீடு எண்டும் எழுதுகினம். மறைஞ்சு போன சொல் மாதிரிச் சொல்லாதேங்கோ. ஆனா பாத்திப்படம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஓ.வே. எழுதியது:

ஐயாவின் வேர்ச்சொல்லை மதிக்கிறேன். ஆனால் ஒத்திகையில் ஹெட்செட்டில் ‘பாத்திப்படத்தை மாற்று’ என்றால், திரைக்குப் படத்தை அனுப்பும் பிராசஸர் பக்கம் நிற்பவர் ‘எதை?’ என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு நேரம் இருக்காது. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று வடமொழிக்கே வழி விட்டவர் தொல்காப்பியர். பிக்சலுக்கும் அந்த வழியைத் திறக்கலாம்.

பெயர் எதுவானாலும் அந்தப் படத்தில் இருக்க வேண்டியவை கையேட்டில் விடுபடக் கூடாது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் வேறு நிறம், திரையின் பெயர், அகல உயரம், தொடங்கும் புள்ளி. விளிம்பில் ஒரே ஒரு பிக்சல் கோடு: அது நான்கு பக்கமும் கூர்மையாகத் தெரிந்தால் படம் எங்கும் சுருங்கவோ நறுக்கப்படவோ இல்லை. நடுவில் ஒரு வட்டம். முட்டையாகத் தெரிந்தால் விகிதம் கெட்டிருக்கிறது. திருப்பி வைத்த திரைக்கு மேல்நோக்கிய அம்புக்குறி கட்டாயம், இல்லையேல் வலத்திரை தலைகீழாக வரும். பிஎன்ஜி வடிவில் கொடுங்கள். ஜேபெக் அந்த ஒரு பிக்சல் கோட்டைக் கலக்கிவிடும்.

இன்னொன்று. ஹேப் என்ற வீடியோ சுருக்க முறை (கோடெக்) படத்தை 4 × 4 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குகிறது. ஒரு செவ்வகம் நான்கின் மடங்கில் தொடங்கவில்லை என்றால் ஒரே கட்டம் இரண்டு திரைக்குள் கால் வைக்கும். ஒன்றின் நிறம் மற்றதன் ஓரத்தில் கசியும். 3072 நான்கின் மடங்கு, நல்லது. ‘இருக்கட்டும்’ என்று நடுத்திரைக்குக் கீழே 10 பிக்சல் இடைவெளி விட்டு வலத்திரையை 1290-இல் தொடங்கினால், இடைவெளியின் நிறம் அதன் ஓரத்தில் கசியும். விடுவதானால் 8, அல்லது 16.

பு.செ. எழுதியது:

அந்த இடைவெளிக்குப் பெயர் தானாகவே கிடைத்துவிட்டது தம்பி: வரப்பு. ‘வரப்பு நான்கின் மடங்காக இருக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று புதுச்சொல்லுக்கும் இடம் வைத்தவர் அதே தொல்காப்பியர்.

நி.அ. எழுதியது:

சொல்லை ஒரு பக்கம் வைத்து, இயலில் ஒரு திருத்தம். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையைத் ‘தவிர்க்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. காரணம் இல்லாமல் சொன்னால் பையன்கள் கேட்க மாட்டார்கள். அதில் பெரும்பாலான சட்டகங்கள் (ஃபிரேம்கள்) பக்கத்துச் சட்டகங்களைச் சார்ந்தவை. பாட்டின் நடுவிலிருந்து ஓட்டு என்றால் கணினி பின்னால் போய்க் கணக்கிட்டு வர வேண்டும், அதற்குள் திரை தடுமாறும். வழக்கமான 4:2:0 நிறப்பதிவு முறையில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதிதான். மெல்லிய சிவப்பு எழுத்து எல்இடியில் பிசிறும்.

ஹேப் கோடெக்கின் ஹேப் கியூ வகை பிக்சலுக்கு ஒரு பைட். 3840 × 2048 சட்டகம் ஏறக்குறைய 7.9 மெகாபைட், நொடிக்கு 50 சட்டகம் என்றால் 393 மெகாபைட் வரை. சாட்டா வகை எஸ்எஸ்டி ஒரு கோப்பைத் தாங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓட்டினால் தாங்காது. வெளியீடு 50 ஹெர்ட்ஸ் என்றால் கோப்பு 25 அல்லது 50 சட்டகம். 30-இல் செய்து வந்தால் நகரும் எழுத்து திக்கும், ஓட்டும் இடத்தில் அதை முழுதாகச் சரி செய்வது கடினம்.

மூன்று திரைக்கும் ஒரே கோப்பு ஏன் என்பதையும் சேர்க்கலாம். தனித்தனி மூன்று கோப்பு என்றால், ஒன்று ஒரு சட்டகம் பிந்தினாலும் பறவை உடைந்து தெரியும்.

கோ.ச. எழுதியது:

பாத்திக்கு என் மறுப்பு மொழி சார்ந்ததல்ல. புரொஜெக்டர் இயலில் அது பொய்யாகிறது. 1920 அகலமுள்ள மூன்று புரொஜெக்டர், ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் 288 பிக்சல் மேற்பொருத்து. கோப்பின் அகலம் 5760 அன்று, 5184. ஒவ்வொரு புரொஜெக்டரும் தனக்கான 1920-ஐ அதிலிருந்தே எடுக்கிறது. அந்த 288 பிக்சலை இரண்டு புரொஜெக்டரும் எடுக்கின்றன, ஒளியை ஓரத்தில் படிப்படியாகக் குறைத்து இழைக்கின்றன. பாத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமா? வரப்பு என்ற சொல் அங்கே நேர் எதிரான கருத்தைக் கொடுக்கும். மேற்பொருத்தைக் கழிக்காமல் 5760-இல் கோப்பு செய்துகொண்டு வருவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. சொல்லே அந்தத் தவறுக்குத் துணை போகக் கூடாது. ‘எடுப்பு’ என்று வையுங்கள். ஒவ்வொரு கருவியும் கோப்பிலிருந்து எடுக்கும் பகுதி. எல்இடிக்கும் பொருந்தும்.

பு.செ. எழுதியது:

அம்மா, எடுப்பு என்றால் ‘எடுப்பான தோற்றம்’ முன்னால் வந்து நிற்கும். ‘பங்கு’ என்றால் இரண்டு பேருக்கும் பொதுப்பங்கு இருக்கலாம். அதுவும் பகு வேர்தான்.

ஓ.வே. எழுதியது:

பங்கு வேண்டாம் ஐயா, சம்பளப் பேச்சாகிவிடும்.

மா.இ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை மாலை பக்கங்கள் போகின்றன. இதுவரை வந்த கருத்துகளில் பாத்திப்படத்துக்கு ஆதரவு கூடுதல், ஆகவே எல்இடி இயலில்: வரையும் பரப்பு ‘காட்சிப்பரப்பு’, அடுக்கும் பரப்பு ‘பாத்திப்படம்’, இடைவெளி ‘வரப்பு’. பாத்திப்படம் முதலில் வரும் இடத்தில் ‘களத்தில் பிக்சல் மேப் என்பார்கள்’ என்று ஒரு வரி. ‘பிக்சல்’ அப்படியே இருக்கும். பு.செ. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். புரொஜெக்டர் இயலில் பாத்தி வராது. ‘புரொஜெக்டர் எடுக்கும் பகுதி’ என்று விரித்தே எழுதுகிறேன், 5184 கணக்கோடு.

கோ.ச. எழுதியது:

இரண்டு இயலில் இரண்டு பெயர் என்றால், எல்இடியும் புரொஜெக்டரும் கலந்த மேடைக்கு எதைச் சொல்வார்கள்? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்புக்கு முன் இந்த இழையைத் திரும்ப எடுப்போம்.

பு.செ. எழுதியது:

‘படவணு’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.