'மேக் ஃபாஸ்ட்' என்றால் சீக்கிரம் கட்டு என்றா அர்த்தம்?

கேள்வி: டெக் ட்ரெய்னி
மெர்ச்சண்ட் நேவி பயிற்சியில் இருக்கிறேன். கப்பலைத் துறையில் கட்டும்போது கொடுக்கும் உத்தரவுகளில் 'மேக் ஃபாஸ்ட்', 'ஆல் ஃபாஸ்ட்' என்று வருகிறது. முதலாவதற்கு 'சீக்கிரம் கட்டு' என்றுதான் அர்த்தம் என அறைத் தோழன் அடித்துச் சொல்கிறான். அப்போது 'ஆல் ஃபாஸ்ட்' என்றால் என்ன? ஓரல் தேர்வு நெருங்குகிறது. அனுபவமுள்ள அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: பழைய போசன்
தம்பி, வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே ஃபாஸ்ட் என்றால் உறுதியாக, அசையாமல். பழைய ஆங்கிலத்தில் அதுதான் முதல் அர்த்தம். வேகம் பின்னால் வந்து சேர்ந்தது. வாக்கி-டாக்கியில் 'மேக் ஃபாஸ்ட்' என்று வந்தால், வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்) இழுத்தது போதும், ஸ்டாப்பர் (கயிறு நழுவாமல் தற்காலிகமாகப் பிடிப்பது) போட்டுப் பிடித்துக்கொண்டு கயிற்றை பிட்ஸில் (தளத்தில் உள்ள இரட்டை இரும்புத் தூண்) எட்டு வடிவில் சுற்றிக் கட்டு என்று பொருள். அவசரமாகச் சுற்றினால் கயிறு வழுக்கும், அப்புறம் கை கால் போகும். உன் தோழனிடம் இதை முதலில் சொல். முன்னும் பின்னும் எல்லாக் கயிறும் கட்டி முடிந்தால் 'ஆல் ஃபாஸ்ட்'. அந்த நேரம் லாக் புக்கில் ஏறும். அவிழ்ப்பதற்கு 'லெட் கோ'.

அந்தக் காலத்து மாலுமிகள் விரல் முட்டிகளில் 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்று பச்சை குத்திக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, கட்டை விரலை விட்டால் எட்டு விரல். பாய்மரத்தில் ஏறும்போது பிடி நழுவாது என்று ஒரு நம்பிக்கை.

பதில்: சாயப்பட்டறை லேப்
திருப்பூரில் நாங்கள் தினமும் சொல்கிற 'கலர் ஃபாஸ்ட்னெஸ்' இதே குடும்பம்தான். துவைத்துப் பார்த்து 1 முதல் 5 வரை கிரேடு போடுவோம். 5 வந்தால் சாயம் போகவே இல்லை.

டெக் ட்ரெய்னி
நன்றி அண்ணே. தேர்வில் 'ஃபர்ம்லி' என்று சொல்லிவிடலாமா?

பழைய போசன்
அர்த்தம் கேட்டால் தாராளமாகச் சொல். உத்தரவை மட்டும் மாற்றாதே, அது உலகம் முழுக்க ஒரே வாசகம். 'ஃபர்ம்லி' நம்புவதற்கும் மறுப்பதற்கும் பொருந்தும். ஆழ்ந்து தூங்குகிறவன் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'தான், 'ஃபர்ம்லி அஸ்லீப்' கிடையாது. இன்னொன்று, நம் ஊரில் பலர் சொல்கிற 'ஃபாஸ்ட்லி' வேண்டவே வேண்டாம். எந்த அர்த்தமானாலும் வெறும் ஃபாஸ்ட் போதும். டக் (இழுவைப் படகு) கயிற்றைக் கட்டியதும் பிரிட்ஜுக்கு (கப்பலைச் செலுத்தும் அறைக்கு) 'டக் ஃபாஸ்ட்' என்று சொல்ல வேண்டும், அதையும் படித்து வை.