உதவி: விபிஎன் பச்சை விளக்கு காட்டுகிறது, டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. கூடவே, எங்களுடையது பிரைவேட் கிளவுடா ஹைபிரிடா?

முதல்சர்வர்:
எல்லோருக்கும் வணக்கம். நிரல் எழுதுவது என் வேலை. நெட்வொர்க் அரைகுறை, கிளவுட் அதைவிடக் குறைவு, ஆனால் வேறு ஆள் இல்லாததால் இது என் தலையில் விழுந்துவிட்டது. நிலைமை இதுதான்: ஆபீஸில் ஒரு பழைய சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அது இடம் மாறக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. அதனால் வெப் ஆப்பை மட்டும் கிளவுடில் இரண்டு விர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கிய கணினி) ஏற்றி, ஆபீஸ் ரௌட்டருக்கும் கிளவுடுக்கும் நடுவே சைட் டு சைட் விபிஎன் போட்டேன், அதாவது இரண்டு நெட்வொர்க்கையும் இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் ஒரு டன்னல். இரண்டு பக்கமும் டன்னல் 'அப்' என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஆப் டேட்டாபேஸைத் தொட்டால் டைம் அவுட். ஆபீஸிலிருந்து கிளவுட் மெஷினுக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அடித்தாலும் பதில் இல்லை. மூன்று நாளாக ஃபயர்வால் விதிகளோடு மல்லுக்கட்டுகிறேன், ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் திறந்தே விட்டுப் பார்த்தேன் (திட்டாதீர்கள், மூடிவிட்டேன்), அப்போதும் அதே கதை.

இரண்டாவது சந்தேகம் இதோடு ஒட்டியது. வாடிக்கையாளர் ஒருவர் பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார். அதில் 'உங்கள் டெப்லாய்மென்ட் மாடல் எது? பப்ளிக், பிரைவேட், கம்யூனிட்டி, ஹைபிரிட்' என்று ஒரு கேள்வி. நாம் போட்டிருப்பது விபிசி, அதாவது விர்ச்சுவல் பிரைவேட் கிளவுட், பெயரிலேயே பிரைவேட் இருக்கிறது, அதையே எழுது என்கிறார் மேலாளர். கையெழுத்து என்னுடையது என்பதால் கை வரவில்லை.

நைட்ஷிஃப்ட்:
இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரைவேட் என்று எழுதாதீர்கள், அது தவறான தகவல்.

விபிசி என்பது பப்ளிக் கிளவுடுக்குள் உங்களுக்கென்று வேலி போட்டுத் தரும் ஒரு நெட்வொர்க், அவ்வளவுதான். வேலி உங்களுக்கு மட்டும், அடியில் ஓடும் சர்வர்களும் டிஸ்க்குகளும் ஊருக்கே பொது. இந்த மாதிரிப் படிவங்களில் வரும் நான்கு சொற்களும் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 என்ற ஆவணத்தில் இருப்பவை. விளக்கம் சில பக்கம்தான், ஒருமுறை படித்துவிடுங்கள். அதன்படி பிரைவேட் என்றால், அந்தக் கட்டமைப்பு ஒரே ஒரு நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை, வேறொருவரின் கட்டடத்தில், வேறொருவர் பராமரிப்பில் இருந்தாலும் அது பிரைவேட்தான். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். எங்கள் கட்டடத்தில் இருந்தால் பிரைவேட், வெளியே இருந்தால் பப்ளிக் என்று. கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே' அல்ல, 'யார் யாருக்காக'.

பப்ளிக் என்றால் யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து பயன்படுத்தலாம். கம்யூனிட்டி என்பது ஒரே விதமான கட்டுப்பாடுகள் உள்ள சில நிறுவனங்கள் சேர்ந்து தங்களுக்குள் மட்டும் பயன்படுத்துவது, உங்களுக்கு அது வராது, விட்டுவிடுங்கள்.

இரண்டாமாண்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மாணவன். ஒரு நிறுவனம் தன் சர்வர்களில், ஒரு சர்வரைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிக்கும் விஎம்வேர் மென்பொருளைப் போட்டு பத்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டினால் அது பிரைவேட் கிளவுட்தானே? எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நைட்ஷிஃப்ட்:
அது மட்டும் போதாது தம்பி. அதே ஆவணம் ஐந்து குணங்கள் சொல்கிறது: கேட்பவர் தானே எடுத்துக்கொள்ளலாம், நெட்வொர்க் வழியாக எந்தக் கருவியிலிருந்தும் கிடைக்கும், வளங்கள் பொதுக் குளமாக இருக்கும், தேவைக்கேற்ப விரியும் சுருங்கும், பயன்படுத்தியது அளக்கப்படும். நான் வைத்திருக்கும் குறுக்குவழிச் சோதனை என்னவென்றால், அந்த நிறுவனத்தில் ஒருவருக்குப் புது மெஷின் வேண்டுமென்றால் யாருக்காவது மெயில் போட்டு, ஒப்புதல் வாங்கி, இரண்டு நாள் காத்திருக்கிறாரா? அப்படியானால் அது வெறும் விர்ச்சுவலைசேஷன். நல்ல விஷயம்தான், ஆனால் கிளவுட் இல்லை. உண்மையான பிரைவேட் கிளவுட் பார்க்க வேண்டுமென்றால் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள், 2013 முதல் ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளை வைத்துத் தங்கள் டேட்டா சென்டரிலேயே ஓட்டுகிறார்கள், அங்குள்ள விஞ்ஞானி தனக்கு வேண்டிய மெஷினைத் தானே எடுத்துக்கொள்கிறார். அந்த ஓபன்ஸ்டாக்கே 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஆரம்பித்ததுதான்.

பழையரௌட்டர்:
பெயர் சூட்டு விழா நடக்கட்டும், நான் விபிஎன் பக்கம் வருகிறேன். டன்னல் பச்சையாக இருந்தால் குறியாக்கச் சாவி பரிமாற்றம் சரியாக நடந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே தரவுப் பாக்கெட் போய் வருகிறது என்று அர்த்தமில்லை. இரண்டு பக்க நெட்வொர்க்கின் ஐபி வரம்பையும் இங்கே எழுதுங்கள். பிரைவேட் முகவரிதான், எழுதினால் ஆபத்தில்லை. அப்புறம், கிளவுட் மெஷினில் டிசிபிடம்ப் (வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, அதே நேரத்தில் ஆபீஸிலிருந்து பிங் அடித்து, கோரிக்கை வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

சொந்தப்பெட்டி:
இவ்வளவு பாடு எதற்கு? டேட்டாபேஸ் ஆபீஸில், ஆபீஸில் சர்வரும் இருக்கிறது, ஆப்பையும் அதிலேயே போட்டுவிட்டால் விபிஎன்னும் வேண்டாம், மாதாமாதம் பில்லும் வேண்டாம். கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸே அமேசான் கிளவுடிலிருந்து பெரும்பகுதிக் கோப்புகளைத் தன் சொந்த சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டதை 2016இல் அறிவித்தது.

நைட்ஷிஃப்ட்:
டிராப்பாக்ஸ் தனக்கென்று சேமிப்புக் கருவியை வடிவமைக்கும் அளவுக்குக் கோப்புகள் வைத்திருந்த நிறுவனம். இவரிடம் இருப்பது இரண்டு மெஷின். ஆனாலும் உங்கள் கேள்வியின் முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆப்பையும் டேட்டாபேஸையும் பிரித்து வைப்பது பின்னால் வலிக்கும். முதலில் இணைப்பு வரட்டும், பேசுவோம்.

முதல்சர்வர்:
ஆபீஸ் 10.0.0.0/24, டேட்டாபேஸ் சர்வர் 10.0.0.15. கிளவுட் 10.0.0.0/16, அது நான் கொடுத்ததில்லை, உருவாக்கும்போது அதுவே அந்தப் பெட்டியில் நிரம்பியிருந்தது, அப்படியே 'அடுத்து' அழுத்திவிட்டேன். ஆப் மெஷின் 10.0.1.7.

டிசிபிடம்ப் முடிவு எனக்குப் புரியவில்லை. பிங் கோரிக்கை வந்து சேர்கிறது! மெஷின் பதிலும் அனுப்புகிறது! ஆபீஸுக்குத்தான் எதுவும் வரவில்லை.

பழையரௌட்டர்:
நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரியவில்லை.

ஆபீஸ் வரம்பு 10.0.0.0 முதல் 10.0.0.255 வரை. கிளவுட் வரம்பு 10.0.0.0 முதல் 10.0.255.255 வரை. அதாவது ஆபீஸ் முழுவதுமே கிளவுட் வரம்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் சர்வர் 10.0.1.7ஐத் தேடும்போது, இது என் வரம்பில் இல்லையே என்று ரௌட்டரிடம் தருகிறது, ரௌட்டர் டன்னலில் தள்ளுகிறது, போய்ச் சேருகிறது. திரும்பும்போதுதான் சிக்கல். பதில் 10.0.0.15க்குப் போக வேண்டும். கிளவுட் நெட்வொர்க் அதைப் பார்த்து, இது நம் வீட்டு முகவரிதானே என்று உள்ளேயே தேடுகிறது, அப்படி ஒரு மெஷின் அங்கே கிடையாது, கதை முடிந்தது. ஆப் டேட்டாபேஸைத் தேடும்போதும் இதே நிலைதான், பாக்கெட் டன்னல் வாசலைக்கூட மிதிக்காது. ஃபயர்வாலை எத்தனை முறை திறந்தாலும் இது சரியாகாது.

வழி இரண்டு. ஆபீஸ் வரம்பை மாற்றினால் பிரிண்டர், கேமரா, கையால் ஐபி போட்டு வைத்த எல்லாவற்றையும் தொட வேண்டும், ஒரு வாரம் போய்விடும். கிளவுட் பக்கம் புதியது, அதை மாற்றுங்கள். ஆனால் ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிய பிறகு அதன் முதன்மை வரம்பை மாற்றப் பல சேவைகளில் விடமாட்டார்கள், அதனால் புதிதாக 10.20.0.0/16 என்று ஒன்று உருவாக்கி, மெஷின்களை இமேஜ் (முழு நகல்) எடுத்து அதில் மறுபடி எழுப்புங்கள். ரௌட்டரில் டன்னலின் எதிர்ப்பக்க வரம்பையும் மாற்ற மறக்காதீர்கள். நடுவில் நாட் போட்டு முகவரியை மாற்றி ஒப்பேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். நடக்கும். ஆறு மாதம் கழித்து அதை யாருக்கும் விளக்க முடியாது.

நைட்ஷிஃப்ட்:
ஒன்று சேர்க்கிறேன். பழைய மெஷின்களை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். நிறுத்தினாலும் டிஸ்க்குக்கும், ஒதுக்கி வைத்த பொது ஐபி முகவரிக்கும் காசு ஓடிக்கொண்டே இருக்கும். மைக்ரோசாப்டின் அஸூர் மாதிரி கிளவுடில் மெஷினுக்குள்ளேயே போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷினுக்கும் சேர்த்தே ஓடும், வெளியே போர்ட்டலில்தான் நிறுத்த வேண்டும். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, இமேஜை வைத்துக்கொண்டு பழையதை டிஸ்க்கோடு அழித்துவிடுங்கள்.

முதல்சர்வர்:
வந்துவிட்டது!!! 10.20 வரம்பில் எழுப்பினேன், முதல் பிங்கிலேயே பதில். பழையரௌட்டர் அண்ணா, உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் இப்போது வேறு தலைவலி. ஆப் வேலை செய்கிறது, ஒரு பட்டியல் பக்கம் திறக்க மட்டும் கிட்டத்தட்ட 10 வினாடி. முன்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தபோது கண்ணிமைக்கும் நேரம். மெஷினைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

நைட்ஷிஃப்ட்:
ஆகாது, பில்தான் பெரிதாகும். டன்னல் வழியாகப் பிங் நேரம் எவ்வளவு? அந்தப் பக்கத்துக்கு டேட்டாபேஸை எத்தனை முறை கூப்பிடுகிறீர்கள்? இரண்டையும் பெருக்குங்கள்.

முதல்சர்வர்:
பிங் 30 மில்லிசெகண்டு. கேள்விகள்... லாகைத் திறந்து எண்ணினேன், 312. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறது. 312 முறை 30 என்றால் 9.36 வினாடி. புரிந்துவிட்டது, வெட்கமாகவும் இருக்கிறது.

சொந்தப்பெட்டி:
நான் சொன்னேனே.

நைட்ஷிஃப்ட்:
சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிரலில் ஜாயின் (பல அட்டவணைகளைச் சேர்த்துக் கேட்பது) போட்டு ஒரே கேள்வியாக்கினாலே முக்கால்வாசி தீரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் ரெப்ளிகேஷன் வைத்துப் படிப்பதற்கு மட்டும் ஒரு நகலைக் கிளவுடில் வைக்கலாம். அப்படிச் செய்தால் தரவு ஆபீஸை விட்டு வெளியே போகிறது என்று மேலாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாமாண்டு:
கடைசியாக ஒன்று. ஆபீஸ் சர்வரும் பப்ளிக் கிளவுடும் சேர்ந்திருப்பதால் இவருடையது ஹைபிரிட் தானே?

பழையரௌட்டர்:
பேச்சு வழக்கில் எல்லோரும் ஹைபிரிட் என்றுதான் சொல்வார்கள், விற்பனையாளர்களும் அப்படித்தான்.

நைட்ஷிஃப்ட்:
ஆவணப்படி பார்த்தால் இல்லை. ஹைபிரிட் என்றால் இரண்டோ அதற்கு மேலோ கிளவுடுகள், தனித்தனியாக இருந்தபடியே, தரவும் ஆப்பும் இங்கிருந்து அங்கே நகரும்படி பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிரைவேட் பக்கம் நெரிசலானால் உபரி வேலை பப்ளிக் பக்கம் வழியும், அது ஒரு நல்ல உதாரணம். ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒற்றை சர்வர் கிளவுடே இல்லை, மேலே தம்பிக்குச் சொன்ன ஐந்தில் ஒன்றுகூட உருப்படியாகத் தேறாது. முதல்சர்வர், படிவத்தில் 'பப்ளிக்' என்று குறித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: டேட்டாபேஸ் எங்கள் வளாகத்தில் உள்ளது, விபிஎன் வழி இணைப்பு. படிவம் அனுப்பியவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது தன் தரவு எங்கே கிடக்கிறது, யாருடைய இரும்பில் (வன்பொருளில்) ஓடுகிறது என்பதுதான். வேறு யாரும் அதே இரும்பில் இருக்கக் கூடாது என்று கேட்டால் பப்ளிக் கிளவுடிலேயே டெடிகேட்டட் ஹோஸ்ட் கிடைக்கும், விலை கூடுதல். கேட்காதவரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல்சர்வர்:
மேலாளர் முதலில் முகம் சுளித்தார், 'பப்ளிக்' என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவார் என்றார். நைட்ஷிஃப்ட் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் ஒத்துக்கொண்டார். படிவம் போய்விட்டது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஒரே கேள்வி, பேக்கப் எங்கே இருக்கிறது என்பதுதான்.

பட்டியல் பக்கம் 312 கேள்வியிலிருந்து 4க்கு வந்துவிட்டது, இப்போது அரை வினாடிக்குள் திறக்கிறது. ரெப்ளிகா தேவைப்படவில்லை. பழைய மெஷின்களை அழித்தபோது ஒரு டிஸ்க்கை மறந்துவிட்டேன், இன்று காலை பில்லில் கண்ணில் பட்டது, அதையும் அழித்தாயிற்று. இழையை மூடலாம்.

சொந்தப்பெட்டி:
பேக்கப் எங்கே இருக்கிறது?

முதல்சர்வர்:
அதே சர்வரில்தான். தெரியும், தெரியும். அதற்குத் தனி இழை திறக்கிறேன்.