இரண்டு பஞ்ச் கார்டு, ஒரு வீடு: அனுபவப் பகிர்வு

குடும்ப ஆலோசகர், பட்டர்வொர்த்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒருவருக்கு 12 மணி நேர இரவு ஷிப்ட், மற்றவருக்கு ஆபீஸ் வேலை. இப்படி வரும் தம்பதிகளிடம் என்ன சண்டை என்று கேட்பதற்கு முன் எத்தனை மணிக்குச் சண்டை என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் காலை ஏழே முக்கால், இல்லாவிட்டால் மாலை ஆறு. ஒருவர் பினாங்குப் பாலத்து நெரிசலில் நொந்துபோய்க் கதவைத் திறக்கிறார், மற்றவர் காடிச் சாவியைத் தேடுகிறார். "தஸ்காவுக்குப் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பணம் கட்டியாச்சா?" என்று தொடங்கும் பேச்சு, "உங்கம்மா அன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?" வரை போய்விடுகிறது.

வாசலில் மூன்று செய்தி போதும். பிள்ளை என்ன சாப்பிட்டது, காய்ச்சல் மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது, அடுத்து பார்ப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்ன. ஐஸ்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டால் வாய் திறக்கவே வேண்டாம். மற்றதெல்லாம் ஓய்வு நாளுக்கு. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்றால் முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும். அன்று எதையும் எடுக்காதீர்கள். இரண்டாம் நாள் பசியாறிய பிறகு அரை மணி நேரம், ஒரே ஒரு விஷயம். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அந்த அரை மணியும் வீண். "வர்ற வியாழக்கிழமை கிளினிக்குக்கு யார் போறது?" என்று ஆரம்பியுங்கள்.

சூடு ஏறிவிட்டால் நிறுத்தத் தெரிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் பேசவைத்து நாடித்துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். பலர் எழுந்து போகிறார்கள், எப்போது திரும்பி வருவோம் என்று சொல்வதில்லை. இருப்பவருக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. "ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள், ஒன்பதுக்கு வந்து உட்காருங்கள். அந்த இடைவெளியில் அக்காவுக்குப் போன் அடிக்க வேண்டாம். நீங்கள் இருவரும் மறுநாளே சமாதானமாகிவிடுவீர்கள், அக்கா ஆகமாட்டார்.

மனிதவளத் துறை, கோலாலம்பூர்

மேலே சொன்னது சரிதான், ஆனால் பேச்சு மட்டும் போதாது. வேலை கை மாற வேண்டும். "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்பது எத்தனையோ வீட்டில் கேட்கும் பதில். சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வேலை என்பது அங்கே விட்டுப்போகிறது. தஸ்காவை அப்பா எடுத்துக்கொள்கிறார் என்றால் கொண்டுபோய் விடுவதோடு முடியாது. மாதக் கட்டணம், பையில் இரண்டு செட் மாற்றுடை, விடுமுறைப் பட்டியல், மதியம் காய்ச்சல் என்று போன் வந்தால் ஓடுவது, எல்லாமே அவருடையது. தஸ்காவில் முதல் தொடர்பு எண்ணையும் அவருடையதாக மாற்றுங்கள். இல்லையென்றால் போன் அம்மாவுக்குத்தான் வரும்.

இது எங்கே கெடுகிறது? முதல் வாரமே பையைத் திறந்து "இந்தச் சட்டையா வச்சீங்க?" என்று கேட்கும்போது. அடுத்த வாரம் பை பழைய கைக்கே திரும்பிவிடும். எது கட்டாயம் என்பதை முன்கூட்டியே பேசிவிட்டு, ஒரு மாதம் பையைத் தொடாமல் இருங்கள்.

சட்டத்தில் இருப்பதையும் பயன்படுத்துங்கள். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தந்தைக்குத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு "கம்பெனி தரல" என்று வீட்டில் வந்து கோபப்படுவதில் பயனில்லை.

கணக்காளர், கிள்ளான்

பணத்தில் பாதிப்பாதி என்பது நியாயம் போலத் தெரியும். ஒருவருக்குச் சம்பளம் 6,000 வெள்ளி (ரிங்கிட்), மற்றவருக்கு 4,000, வீட்டுச் செலவு 5,000 என்றால், பாதிப்பாதியில் ஒருவர் கையில் 3,500 நிற்கும், மற்றவர் கையில் 1,500. அந்த 1,500-இல் பெற்றோருக்கும் கொடுத்தாக வேண்டும். கசப்பு அங்கேதான் மூளும். சம்பள விகிதப்படி 3,000, 2,000 என்று கூட்டுக் கணக்கில் போடுங்கள். பெற்றோருக்கு எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்; பின்னால் தெரியவந்தால் தொகையை விட மறைத்ததுதான் வலிக்கும்.

வரியையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையின் தஸ்கா கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை உள்ள விலக்கை இருவரில் ஒருவர்தான் கோரலாம். வரி விகிதம் அதிகமுள்ளவர் கோருவதே லாபம், கிடைப்பது கூட்டுக் கணக்குக்கு.

குடும்ப ஆலோசகர், பட்டர்வொர்த்

ஒன்றை விட்டுவிட்டேன். இதெல்லாம் களைப்பில் வரும் சண்டைக்கு. கை நீட்டுவது, சம்பள கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, பயந்து பயந்து பேச வேண்டிய நிலை, இதற்கு அனுசரிப்பு மருந்தல்ல. "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று யாரும் சொல்லாதீர்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சமூகநல இலாகா அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அது 7 நாள் செல்லும், அதற்குள் போலீஸ் புகாரையும் செய்துவிடுங்கள்.