மயாமி பீச்சில் அப்பாவோடு ஒரு நடை

அமெரிக்காவின் மயாமி பீச்சுக்கு அப்பாவை அழைத்துப் போக எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. அங்குள்ள கடற்கரைச் சாலையான ஓஷன் டிரைவ் என்றால் நியான் விளக்கு, திறந்த கார், ராத்திரி முழுக்கப் பாட்டுச் சத்தம். எழுபத்திரண்டு வயதுக்காரருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கடலில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று போன இடத்தில்தான், பத்தாவது தெரு முனையில் இருக்கும் ஆர்ட் டெகோ (1920, 30களின் கட்டடப் பாணி) மையத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடைச் சுற்றுலா கிளம்புவதைப் பார்த்தோம். பழைய கட்டடங்களைக் காக்கும் மயாமி டிசைன் பிரிசர்வேஷன் லீக் என்ற அமைப்பு நடத்துகிறது. டிக்கெட் எடுத்தேன்.

வழிகாட்ட வந்தது வயதான ஓர் அம்மா. நிதானமாகப் பேசினார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஜன்னல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் பலகையைக் காட்டி, "இதற்கு இங்கே புருவம் என்று பெயர். ஏசி இல்லாத காலத்தில் வெயில் அறைக்குள் இறங்காமல் தடுக்கக் கட்டியது" என்றார். அப்பா என் கையைத் தட்டினார். "சன்ஷேடுடா இது!"

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. ஒவ்வொரு கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்தார். முகப்பை மூன்று பாகமாகப் பிரித்திருப்பது, கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல், வளைந்து திரும்பும் மூலை, பூச்சிலேயே இழுத்த கோடுகள். 1926 செப்டம்பர் புயல் ஊரைப் புரட்டிப் போட்டது, அடுத்து பொருளாதார மந்தம் வந்தது. அதனால் 1930களில் இங்கே எழுந்தவை நடுத்தரக் குடும்பங்கள் வந்து தங்குவதற்கான சின்ன ஹோட்டல்கள். கல்லில் சிற்ப வேலை செய்யக் காசில்லை, அழகையெல்லாம் சிமெண்ட் பூச்சிலேயே காட்டிவிட்டார்கள். "பூசினவன் கைகாரன்" என்றார் அப்பா.

இன்னொரு விஷயத்தையும் அந்த அம்மா மறைக்காமல் சொன்னார். அந்தக் காலத்தில் இந்த ஹோட்டல்களில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், இரவு இங்கே தங்க முடியாது. 1964 பிப்ரவரி 25 அன்று முகமது அலி உலகப் பட்டம் வென்றது இதே ஊரில்தான். அன்று ராத்திரி அவர் கொண்டாடியது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், கறுப்பினத்தவர் பகுதியில் இருந்த ஒரு விடுதியில். கடற்கரையைப் பார்த்தபடியே இதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஃபேஷன் டிசைனர் வெர்சாச்சியின் வீட்டு வாசலில் மட்டும் கூட்டம் அள்ளியது. 1997 ஜூலையில் அவர் சுடப்பட்ட படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

பிறகு ஒரு பழைய ஹோட்டலின் முன்கூடம். வழிகாட்டி தரையைக் காட்டி "டெராசோ" என்றதும் அப்பா முழங்கால் வலியையும் மறந்து குந்திவிட்டார். நாங்கள் மொசைக் என்று சொல்லும் இதே தரையை அவர் மதுரையில் நாற்பது வருஷம் போட்டவர். டைல்ஸும் கிரானைட்டும் வந்த பிறகு அந்த வேலையே அற்றுப்போனது. எங்கள் வீட்டுத் தரையைத் தவிர அவர் கைவேலை எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று எங்களுக்கே தெரியாது. பச்சையும் மஞ்சளுமாக இரண்டு நிறம் சேரும் இடத்தில் பித்தளைப் பட்டை ஓடியது. அதன்மேல் விரலை வைத்து நெடுகத் தடவினார். "நாங்க கண்ணாடிப் பட்டி வைப்போம். இது பித்தளை. விரல்ல தட்டுதா பாரு." தட்டவே இல்லை.

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். உடனே குழுவை நிறுத்தி, எப்படிச் செய்வீர்கள் என்று அப்பாவையே கேட்டார். சிமெண்ட்டில் சல்லி கலந்து பரப்புவது, உருளை போட்டு அழுத்துவது, நாலைந்து நாள் நனைத்து இறுகவிடுவது, தண்ணீர் ஊற்றிக் கல் மெஷின் ஓட்டுவது என்று அப்பா கையசைத்துச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பதினைந்து பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அப்பா பேசுவதை இத்தனை பேர் நின்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக பார்பரா கேப்பிட்மேன் கதை. 1970களில் இந்தக் கட்டடங்கள் வயதான யூதர்கள் குறைந்த வாடகைக்குத் தங்கும் இடங்களாகியிருந்தன. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று பலர் காத்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பார்பரா 1976இல் இந்தச் சுற்றுலாவை நடத்தும் அமைப்பைத் தொடங்கினார். 1979இல் ஏறக்குறைய 800 கட்டடங்கள் கொண்ட இந்தப் பகுதி அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஏறியது. அப்படியும் 1988இல் செனட்டர் ஹோட்டலை இடித்துவிட்டார்கள். நாம் படங்களில் பார்க்கும் இளநிறங்கள்கூட அவருடைய கூட்டாளி லெனர்ட் ஹோரோவிட்ஸ் 1980களில் கொண்டுவந்தவை. முதலில் பெரும்பாலும் வெள்ளைதான்.

சுற்றுலா முடிந்தபோது மணி பன்னிரண்டு. அப்பா என்னைத் திரும்ப அந்த ஹோட்டலுக்கே கூட்டிப்போனார். மதுரையில் அப்போது ராத்திரி ஒன்பதரை. தன்னோடு வேலை பார்த்த மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு, போனைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார்.

"எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம்டா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மாமா கேட்டார்: "ஓரத்துல கையாலயா தேய்ச்சிருக்கான்? அந்த மூலையைக் காட்டு."

அப்பா மூலைக்கு நடந்தார்.