கலைச்சொல்: "ஊடுருவாத" வேண்டாம், வேறு என்ன?

தருமபுரி:
முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான கையேடு வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. கத்தி படாமல் மூளையைத் தூண்டும் முறைகளுக்குப் பொதுப்பெயர் தேவை. வரைவில் "ஊடுருவாத மூளைத் தூண்டல்". ஆனால் மின்னோட்டமும் காந்தப்புலமும் மண்டையோட்டைக் கடந்து உள்ளே போகின்றனவே?

காவேரிப்பட்டணம்:
சரியான தடை. "கீறா மூளைத் தூண்டல்" என்று வைக்கலாம். மாங்காய் கீறி உப்புப் போடுகிற ஊரில் கீறா என்றால் கத்தியில்லை என்று யாருக்கும் விளங்கும்.

அரூர்:
"கீறாத" என்பதன் கடைசி எழுத்துக் கெட்டு வந்த "கீறா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது அடுத்த பெயரைத்தான் பற்றும். உங்கள் தொடரில் கீறப்படாதது மூளை என்றாகிறது. "மூளையைக் கீறாத் தூண்டல்" என்பதே முறை. "தூண்டல்" மட்டும் அருமையான சொல். குத்துவிளக்கை நினையுங்கள். திரியும் எண்ணெயும் இருந்தால்தான் தூண்டுகோலுக்கு வேலை. இறந்த நரம்பணுவை இந்த முறைகளும் எழுப்பாது. தூண், தூண்டில் எல்லாம் இதே வேர் என்பது என் துணிபு.

பென்னாகரம்:
ஒலி ஒத்தால் வேர் ஒத்ததாகாது ஐயா. "மூளையை" என்றால், "அப்போ தலையைக் கீறுவாங்களா?" என்று முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்பார்கள். அவர்களின் முதல் பயமே கரண்ட் ஷாக். மின்னதிர்ச்சி சிகிச்சையில் மயக்கமருந்து கொடுத்து, சுமார் 800 மில்லியாம்பியர் செலுத்தி வலிப்பை வரவழைப்பார்கள். இங்கே தலைமேல் மின்வாய் வைத்துச் செய்யும் நேர்மின்னோட்டத் தூண்டலில் 1 முதல் 2 மில்லியாம்பியர், 20 நிமிடம், ஆள் விழித்தே இருப்பார். இதைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். "மின்வாய்" என்பதோடு "உப்புநீர்ப் பஞ்சு" என்றும் சேருங்கள். பஞ்சு காய்ந்தால் மின்தடை ஏறி, ஓட்டம் ஓரிடத்தில் குவிந்து தோல் புண்ணாகும். சொட்டச் சொட்ட நனைத்தால் நீர் முடியில் பரவி, ஓட்டம் குறித்த இடத்தைவிட்டு அகலும். மின்னோட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் மெல்ல, 30 நொடியில்.

ஓசூர்:
"வெளித்தூண்டல்" எளிது.

தருமபுரி:
உளவியலில் அது புறத்திலிருந்து வரும் எந்தத் தூண்டலையும் குறிக்கும், குழப்பும். முன்னால் "மின்" சேர்க்கவும் முடியாது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு காட்டிய காந்தத் தூண்டலும் இதில் அடக்கம். உட்காதின் செவிச்சுருளில் கேட்புக் கருவி பொருத்தியவருக்கு அது ஆகாது என்பதையும் எழுத வேண்டும்.

காவேரிப்பட்டணம்:
"சிகிச்சை" என்று ஒட்டிவிடாதீர்கள். மூப்பில் வரும் அறிதிறன் சரிவில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. "மறதி" என்று சுருக்குவதும் தவறு. கவனமும் திட்டமிடலும் சேர்ந்துதான் தளர்கின்றன.

தருமபுரி:
மூவர் ஒப்பியதால் "கீறா மூளைத் தூண்டல்" அச்சுக்குப் போகிறது.

அரூர்:
என் மறுப்பைப் பதியுங்கள். அடுத்த பதிப்பிலாவது "மூளையை" என்று ஐ உருபைச் சேருங்கள், "கீறாத்" என்று ஒற்றையும் போடுங்கள்.