உப்பு சிஸ்டம் (தண்ணியில கரைச்ச உப்புல இருந்தே குளோரின் எடுக்கிற ஏற்பாடு) உள்ள நீச்சல் குளத்துல ஹீட்டர் எங்க அடிவாங்குது? ஊர் ஊரா வந்த பதில்கள்:

பாளையங்கோட்டை (பைப்லைன் வேலை):
ஹீட்டரைக் கழட்டிப் பாத்தா செம்புக் குழாய் உள்ளுக்குள்ள அரிச்சுக் கெடக்கும். உடனே "உப்புத்தண்ணி தின்னுட்டு"ம்பாவ. குளத்து உப்பு 3,000–4,000 பிபிஎம்தான் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). கடல் தண்ணி சுமார் 35,000. உப்பைத் திட்டுறதுக்கு முன்னால பைப் வரிசையைப் பாருங்க. பம்ப், ஃபில்டர், ஹீட்டர், கடைசியாத்தான் உப்பு செல் (கரண்டு விட்டு உப்புல இருந்து குளோரின் உண்டாக்குறது). செல் முன்னால இருந்தா குளோரின் நேரா செம்புல போய் அடிக்கும்.

வரிசை சரியா இருந்தாலும் கரண்டு போனா வினைதான். பம்ப் நின்னதும் செல்லுல நிக்கிற கடுமையான குளோரின் தண்ணி பின்வாங்கி ஹீட்டருக்குள்ள உக்காந்துக்கிடும். ரெண்டுக்கும் நடுவுல ஸ்பிரிங் வச்ச நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். பித்தளை வேண்டாம், பிவிசி போதும். பம்ப் ஓடாம செல் ஓடக்கூடாது: ஃப்ளோ சுவிட்சும் (தண்ணி ஓடுனா மட்டும் செல்லுக்குக் கரண்டு விடுறது) வேணும், பம்ப் ஸ்டார்ட்டரோட இன்டர்லாக்கும் வேணும். செல் பேனலை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டிட்டு பம்பை மட்டும் மெயின்ல விட்டிருந்தா இன்னைக்கே மாத்திருங்க. பம்ப் நின்ன நேரம் ஃப்ளோ சுவிட்ச் ஒட்டிக்கிட்டு செல் ஓடுனா, அதுல வர்ற ஹைட்ரஜன் வாயு சேரும், அது வெடிக்கிற சமாச்சாரம்.

திசையன்விளை:
அண்ணாச்சி, நம்ம பக்கம் போர் தண்ணியே உப்பு. குளத்தை நிரப்பிட்டு கணக்குப் போடாம மூட்டை மூட்டையாக் கொட்டுதாவ. முதல்ல தண்ணியில குளோரைடு எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணி, அதை 1.65 ஆல பெருக்குங்க. குளோரைடு 600 பிபிஎம்னா உப்பு ஏற்கெனவே 990 இருக்கு. 3,200 வேணும்னா பாக்கி 2,210தான். 60,000 லிட்டர் குளத்துக்கு 133 கிலோ போதும். கணக்கில்லாமப் போட்டா 192 கிலோ போயிரும்.

தூத்துக்குடி அளத்துல இருந்து கழுவாத கல்லுப்பு மலிவாக் கிடைக்கும், ஆனா ஆகாது. அதுல சுண்ணாம்பு, மக்னீசியம், சேறு எல்லாம் கூடவே வரும். அயோடின் சேர்க்காத, 99 சதவீதத்துக்கு மேல சுத்தமான உப்பாப் பாத்து வாங்குங்க. கால்சியம் கடினம் 400 பிபிஎம் தாண்டினா செல்லுலயும் ஹீட்டருக்குள்ளயும் காரை (சுண்ணாம்புப் படிவு) கட்டும். அதுக்கு சுத்தமான உப்பு பொறுப்பில்லை, தண்ணிதான். கடினம் குறைஞ்ச லாரித் தண்ணி கலந்து குறைக்கிறதுதான் வழி.

குற்றாலம் (விடுதிக் குளங்கள்):
உப்பு சிஸ்டத்துல பிஎச் மேல ஏறிக்கிட்டே இருக்கும். அதை இறக்க ஆசிட் ஊத்துவாங்க, ஹீட்டர் சாகுறது பெரும்பாலும் அந்த இடத்துலதான். ஸ்கிம்மர்ல (குளத்து ஓரத்துல மேல்தண்ணியை பம்புக்கு இழுக்கிற வாய்) ஊத்தாதீங்க, அது பம்ப் வழியா அப்படியே ஹீட்டருக்குப் போகும். வாளியில பத்து பங்கு தண்ணி பிடிச்சு, அதுல ஒரு பங்கு ஆசிட் விட்டு (தண்ணியை ஆசிட்ல விடாதீங்க), பம்ப் ஓடும்போது ஆழமான பக்கம் சுத்தி ஊத்துங்க. நாலு மணி நேரம் கழிச்சுப் பாருங்க: பிஎச் 7.4–7.6, ஆல்கலினிட்டி (பிஎச்சை நிலையா வைக்கிற காரத்தன்மை) 80–120 பிபிஎம். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர்ல போட்டாலும் இதே கேடுதான், அதுவும் அமிலம். சுவர்ல நீலப்பச்சைக் கறை தெரிஞ்சா செம்பு கரைய ஆரம்பிச்சாச்சு.

புது உப்பு கரையிற நாள் முழுக்க ஹீட்டரை பைபாஸ்ல (தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம சுத்திப் போற வழி) விடுங்க. விட்டதும் உள்ள நிக்கிற தண்ணியை டிரெயின் பண்ணுங்க. இதை மறக்காத ஆள் ரொம்பக் கம்மி.

உவரி:
கடக்கரையில ஹீட் பம்ப் (காத்துல இருந்து சூட்டை எடுத்து தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர்) வச்சிருக்கவங்களுக்கு: அலுமினியத் தகடுகளை மாசம் ஒருக்க நல்ல தண்ணியில மெதுவாக் கழுவுங்க. பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிரும். கேபிள் நுழையிற ஓட்டையை அடைப்புப் பசை (putty) வச்சு அடைங்க. பல்லி கான்டாக்டர்ல (கரண்டை இணைக்கிற சுவிட்ச்) சிக்கினா போர்டே போயிரும். ஐப்பசி கார்த்திகையில தண்ணி தேங்குற இடம்னா மேடை உசத்திக் கட்டுங்க.

ஊட்டியில் இருக்கும் அம்பாசமுத்திரத்துக்காரர்:
ஊர்ல மார்கழி விடியல்கூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். இங்க உறைபனி விழும். தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருகும், குழாய் பிளந்துரும். உப்பு காப்பாத்தும்னு நம்பாதீங்க. 3,200 பிபிஎம் உறைநிலையை 0.2 டிகிரிதான் இறக்கும். குளத்தை மூடுற சீசன்ல மெயினை அணைச்சு, ஹீட்டரோட ரெண்டு பக்க டிரெயின் பிளக்கையும் கழட்டி, மிச்சத் தண்ணியை ஊதி வெளியேத்துங்க. பிளக்கைத் திரும்ப மாட்டாம பக்கத்துலயே கட்டித் தொங்கவிடுங்க. பிரஷர் சுவிட்சுக்குப் போற சின்னக் குழாய்லயும் தண்ணி நிக்கும், அதையும் பாருங்க.

திசையன்விளை:
டைட்டானியம் ஹீட்டர் வாங்கிட்டா இதெல்லாம் வேண்டாம்தான?

பாளையங்கோட்டை:
குழாய் தாங்கும். காரை கட்டுறது நிக்காது, சென்சாரும் ஃப்ளோ சுவிட்சும் டைட்டானியம் இல்லை. நான்-ரிட்டர்ன் வால்வை அப்பவும் போடுங்க.